அத்தியாயம் 6: எழுதியதைச் சோதித்தல் – சொல்லில் ஒளிந்திருக்கும் சார்பைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

எழுதி முடித்த கட்டுரையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். அது சங்கத்தின் ஆண்டறிக்கையாக இருக்கலாம். உள்ளூர் இதழுக்கான செய்தி, விக்கிப்பீடியாக் கட்டுரை, கள ஆய்வு அறிக்கை, அலுவலகச் செய்திக் குறிப்பு என எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதியது கருத்துக் கட்டுரை என்றால் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். கருத்துக் கட்டுரையில் உங்கள் பக்கம் எது என்று வாசகருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தகவல் கட்டுரையை அவர் நம்பிப் படிக்கிறார். அதனால் அதில் ஒட்டிக்கொண்டுவரும் சார்பை அவர் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

சார்பை நீக்குவது என்றால் சில பழைய சொற்களை எடுத்துவிட்டுப் புதிய சொற்களைப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலையில் கால்வாசிதான். 'துப்புரவுத் தொழிலாளர்' இன்று 'தூய்மைப் பணியாளர்' ஆகிவிட்டார். ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் இறந்தால், 'விஷவாயு தாக்கி தூய்மைப் பணியாளர் பலி' என்றுதான் இன்றும் எழுதுகிறோம். பெயர் மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை. தாக்கியது வாயு என்று சொல்லிவிட்டதால், அவரை உள்ளே இறக்கியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போகிறது. எனவே பெயரில் தொடங்கி வாக்கியம் முழுவதையும் சோதிக்கப் போகிறோம்.

## சொல் என்ன செய்துவிடும்? ஒரே ஒரு சோதனை

1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்குக் கார்கள் மோதும் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'நொறுங்க மோதியபோது' என்ற பொருள்படக் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. இருந்தும் 'நொறுங்க' என்ற வினையைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் 'பார்த்தேன்' என்றார்கள். சாதாரணமாக 'மோதியபோது' என்று கேட்டிருந்த 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர்தான்.

நேரில் பார்த்தவர்களையே ஒரு வினைச்சொல் இப்படிப் புரட்டுகிறது. உங்கள் வாசகரோ எதையும் பார்க்கவில்லை. உங்கள் சொல் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி. கோட்பாடு இத்துடன் போதும்.

## தொடங்கும் முன்

- கட்டுரையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் கண் பழக்கத்தில் தாவிவிடும்.
- மூன்று நிறப் பேனா வேண்டும். மனிதர்களுக்கும் இடங்களுக்கும் இட்ட பெயர்களுக்குச் சிவப்பு, வினைகளுக்கு நீலம், அடைமொழி, சின்னச் சொற்கள், எண்கள் மூன்றுக்கும் பச்சை.
- ஒரு தனித்தாளில் 'கேட்க வேண்டியவை' என்று தலைப்பிடுங்கள். இந்தச் சோதனையில் கிடைக்கும் பெரிய லாபம் அந்தத் தாளில்தான் சேரும்.
- எழுதிய அன்றே சோதிக்காதீர்கள். ஓர் இரவாவது போகட்டும்.

## படி 1: இட்ட பெயர்களைச் சோதியுங்கள்

சிவப்பில் கோடிட்ட ஒவ்வொரு பெயரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இந்தப் பெயரை வைத்தது யார்?
2. பெயர் சுமப்பவர் இதை ஏற்கிறாரா?
3. இதற்குப் பதிலாக, சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்றைச் சொல்ல முடியுமா?

தமிழ் இதழ்களில் அடிக்கடி வரும் சிலவற்றைப் பார்ப்போம்.

கற்பழிப்பு. தாக்கியவரின் குற்றத்தைச் சொல்லாமல், தாக்கப்பட்ட பெண் எதையோ இழந்துவிட்டதாகச் சொல்கிறது இந்தச் சொல். 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுங்கள்.

ஒருதலைக் காதல் விபரீதம். ஒரு பெண் மறுத்த பிறகும் பின்தொடர்ந்து, மிரட்டி, கடைசியில் தாக்கியதற்குக் காதல் என்ற பெயர் பொருந்தாது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் தனிக் குற்றம். நடந்ததை அப்படியே எழுதுங்கள்: 'பல மாதங்களாகப் பின்தொடர்ந்தவர் கத்தியால் குத்தினார்.'

கள்ளக்காதல். இந்தச் சொல் எழுதுபவரையே நீதிபதி ஆக்கிவிடுகிறது. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது. செய்திக்கு அந்த உறவு தேவைதானா என்று முதலில் பாருங்கள். தேவை என்றால் 'திருமணம் கடந்த உறவு' போதும்.

கௌரவக் கொலை, ஆணவக் கொலை. முதலாவது கொன்றவரின் கண்ணால் பார்க்கிறது. இரண்டாவது அதை எதிர்ப்பவரின் கண்ணால் பார்க்கிறது. இரண்டாவதை விரும்பிப் பயன்படுத்த நல்ல காரணங்கள் உண்டு. தலைப்பில் இடம் குறைவு என்றால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் உள்ளே ஒருமுறையாவது முழுத் தகவலையும் சொல்லிவிடுங்கள்: 'வேறு சாதியில் திருமணம் செய்ததற்காகப் பெண்ணின் குடும்பத்தினர் கொன்றதாக வழக்கு.'

காலனி. வரைபடத்தில் இது வெறும் இடப்பெயர். பேச்சிலோ, ஒருவர் சாதியைக் கேட்காமலேயே தெரிந்துகொள்ளும் வழி. இந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் கட்டுரையில் தெருவின் பெயரையே எழுதிவிடுங்கள்.

பயங்கரவாதி, போராளி, தீவிரவாதி, இயக்கம். விடுதலைப் புலிகளைப் பற்றிய ஒரே நிகழ்வைக் கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, டொரன்டோ என்று நான்கு ஊர்களில் எழுதினால் நான்கு பெயர்கள் வரும். இங்கே மூன்றாவது கேள்வி கைகொடுக்கும்: 'இந்திய அரசு 1992-இல் தடைசெய்த அமைப்பு' என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய தகவல். 'பயங்கரவாதி' என்ற முத்திரை தேவைப்பட்டால் அதைக் குத்துபவரின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். பிபிசி நீண்ட காலமாகப் பின்பற்றும் முறை இதுதான்.

> குறிப்பு: அதிகாரபூர்வப் பெயர்களைத் திருத்தாதீர்கள். 'ஆதிதிராவிடர் நலத்துறை' என்பது துறையின் பெயர். சட்டத்தின் தலைப்பும் அப்படியே. பழைய பெயர் வரலாற்றுக்குத் தேவை என்றால் இரண்டையும் கொடுங்கள்: குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது.

## படி 2: வினை விகுதிகளைச் சோதியுங்கள்

தமிழில் எழுதுபவர் தவறாமல் செய்யவேண்டிய சோதனை இது. ஆங்கிலத்தில் எழுதும் நிருபருக்கு இந்தத் தொல்லை இல்லை. நமக்கோ ஒவ்வொரு வினைமுற்றிலும் 'ஆன்', 'ஆள்', 'ஆர்', 'அது' என்று ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். அந்த முடிவு பெரும்பாலும் நம்மை அறியாமல் வந்து விழுகிறது.

1. கட்டுரையில் வரும் மனிதர்கள் எல்லோரையும் பட்டியலிடுங்கள்.
2. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவருக்கு நீங்கள் இட்ட விகுதியை எழுதுங்கள்.
3. வேறுபாடு இருந்தால் காரணம் என்ன என்று கேளுங்கள். தொழிலதிபர் 'வந்தார்', ஓட்டுநர் 'வந்தான்' என்றிருந்தால் காரணம் உங்கள் மனதில் இருக்கிறது, நிகழ்வில் இல்லை.

பின்பற்ற எளிய விதி: வயது வந்த எல்லோருக்கும் 'ஆர்'. கைதானவருக்கும் அதுவே. குழந்தைகளுக்கு 'ஆன்', 'ஆள்' என்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே. மன்னர்களை 'ஆன்' விகுதியில் எழுதுவது நம் மரபு. அதில் அவமரியாதை இல்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த மன்னர் 'வென்றார்' என்றும் அவருடைய எதிரி 'தோற்றான்' என்றும் ஒரே பத்தியில் எழுதினால், வரலாறு அங்கேயே சாய்ந்துவிடுகிறது.

அஃறிணையும் ஒரு மறைவிடம். 'ஊழியர்கள் முற்றுகையிட்டனர்' என்றால் அவர்கள் மனிதர்கள். 'ஒரு கும்பல் முற்றுகையிட்டது' என்றால் அவர்கள் உயர்திணையிலிருந்தே இறங்கிவிட்டார்கள். 'கும்பல்', 'கூட்டம்', 'தரப்பு' ஆகிய சொற்கள் வரும் இடமெல்லாம் நின்று, எத்தனை பேர், யார் என்று எழுத முடியுமா பாருங்கள்.

பெண்களை எப்படிக் குறிக்கிறீர்கள் என்பதையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கூட்டத்தில் பேசிய ஆணுக்குப் பதவியும் பெண்ணுக்கு 'இன்னாரின் மனைவி'யும் கொடுத்திருந்தால் திருத்துங்கள்.

## படி 3: செய்தவரைத் தேடுங்கள்

நீலத்தில் கோடிட்ட வினைகளுக்கு வாருங்கள். ஒவ்வொன்றிலும் 'யார்?' என்று கேளுங்கள். பதில் வாக்கியத்தில் இல்லை என்றால் விளிம்பில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். செய்தவரை மறைக்கத் தமிழில் மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன.

1. செயப்பாட்டு வினை: 'மரங்கள் வெட்டப்பட்டன.'
2. தானாக நடந்ததுபோன்ற வினை: 'சுவர் இடிந்தது', 'தகராறு ஏற்பட்டது', 'பணி தாமதமானது'.
3. பொருளைச் செய்பவராக்குவது: 'லாரி மோதியது', 'விஷவாயு தாக்கியது'.

மூன்றுமே இலக்கணப்படி சரி. செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாதபோது செயப்பாட்டு வினையை விட்டால் வழியில்லை. தெரிந்திருந்தும் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்களா என்பதுதான் சோதனை.

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

- கலவரத்தில் 13 பேர் பலியாகினர்.
- துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர்.
- ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டனர்.

மூன்றிலும் எண் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் சுட்டவரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இறந்தவர்களே கலவரக்காரர்கள்போலத் தோன்றுகிறார்கள். இரண்டாவதில் துப்பாக்கி வந்துவிட்டது, பிடித்த கை வரவில்லை. மூன்றாவதுதான் தகவல். அது கோபமாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஓர் அடைமொழிகூட இல்லை. சுட்டது நியாயமா என்ற கேள்விக்கு அந்த வாக்கியம் பதில் சொல்லவும் இல்லை. அதைச் சொல்ல, அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. அது 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நீங்கள் அதை மேற்கோள் காட்டினால் போதும்.

இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். ஒரு பக்கம் தாக்கி, மறுபக்கம் அடிவாங்கியிருக்கும்போது 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதினால் நடுநிலை போலத்தான் தெரியும். ஆனால் அது தகவல் பிழை.

## படி 4: 'சொன்னார்' என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

ஒருவர் சொன்னதைக் குறிக்கும் வினைகளை நான்கு பெட்டிகளாகப் பிரியுங்கள்.

- அவர் சொன்னது உண்மை என்று நீங்களே சான்று தருபவை: சுட்டிக்காட்டினார், அம்பலப்படுத்தினார், தெளிவுபடுத்தினார், விளக்கினார்.
- பொய் என்று சாடை காட்டுபவை: கூறிக்கொண்டார், மழுப்பினார், சமாளித்தார்.
- சண்டை மூட்டுபவை: விளாசினார், சீறினார், கொந்தளித்தார், வறுத்தெடுத்தார்.
- சும்மா இருப்பவை: சொன்னார், கூறினார், தெரிவித்தார், பதிலளித்தார், மறுத்தார்.

கட்டுரை முழுவதும் நான்காவது பெட்டியிலிருந்தே எடுங்கள். 'கூறினார்' பத்து முறை வந்தால் சலிக்குமே என்று கவலைப்பட வேண்டாம். வாசகர் அதைக் கவனிப்பதே இல்லை. 'சீறினார்' வந்தால்தான் கவனிப்பார்.

'ஒப்புக்கொண்டார்' என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று காவல்துறையின் செய்திக் குறிப்பு சொல்லும். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாக நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. 'ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர்' என்று, சொன்னவர் தலையிலேயே அதை வையுங்கள்.

'கூறப்படுகிறது', 'சொல்லப்படுகிறது', 'பரவலாகப் பேசப்படுகிறது' என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

## படி 5: சின்னச் சொற்களும் எண்களும்

இது விரைவாக முடியும் படி. பச்சைப் பேனாவோடு ஓட்டமாகப் பாருங்கள்.

- '200 பேர் வந்தனர்.' '200 பேர் மட்டுமே வந்தனர்.' '200 பேர் திரண்டனர்.' எண்ணைக் கொடுத்துவிட்டால் 'மட்டுமே'யும் 'திரண்டனர்' என்பதும் வேண்டாம்.
- 'பெண்கள்கூட மாடு பிடித்தனர்', 'ஏழை மாணவரும் தேர்ச்சி' என்பவற்றில் 'கூட', 'உம்' இரண்டும் நீங்கள் எதிர்பார்க்காததைக் காட்டிக்கொடுக்கின்றன.
- 'பிரபல', 'சர்ச்சைக்குரிய', 'பரிதாபமாக', 'அதிர்ச்சி', 'பகீர்' ஆகியவற்றை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். தகவல் எதுவும் குறையவில்லை என்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.
- சதவீதம் வரும் இடத்தில் அசல் எண்ணும் வரவேண்டும். 'இரு மடங்கு' என்பது பத்தாயிரத்தில் ஒன்று இரண்டானதாகவும் இருக்கலாம்.
- பிழைத்தவர் எண்ணிக்கை, இறந்தவர் எண்ணிக்கை இரண்டையும் கொடுங்கள். 1981-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைத் தாக்கும் நோய்க்கு ஒரு திட்டத்தால் '200 பேர் காப்பாற்றப்படுவார்கள்' என்றபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே திட்டத்தில் '400 பேர் இறப்பார்கள்' என்று வேறு குழுவிடம் சொன்னபோது தேர்ந்தெடுத்தவர்கள் 22 சதவீதம்தான்.
- 'ஆனால்' வரும் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 'பக்கவிளைவு உண்டு, ஆனால் மருந்து பலனளிக்கிறது', 'மருந்து பலனளிக்கிறது, ஆனால் பக்கவிளைவு உண்டு.' கடைசியில் வருவதே வாசகர் மனதில் தங்கும். எது தங்கவேண்டும் என்பதை ஆதாரம் தீர்மானிக்கட்டும்.

## படி 6: ஆளை மாற்றிப் பாருங்கள்

ஐயமுள்ள வாக்கியத்தில் ஆளை மட்டும் மாற்றுங்கள். 'வடமாநில வாலிபர் திருட்டு வழக்கில் கைது' என்று எழுதியிருக்கிறீர்கள். திருடியவர் விழுப்புரத்துக்காரர் என்றால் 'தமிழ்நாட்டு வாலிபர் கைது' என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள் என்றால் 'வடமாநில' என்பது செய்திக்குத் தேவையற்றது. 'பெண் ஓட்டுநர் மோதி விபத்து' என்பதையும் 'ஆண் ஓட்டுநர்' என்று மாற்றிப் படித்தால் உடனே இடிக்கும்.

சில நேரம் ஊரோ பாலினமோ செய்திக்குத் தேவைப்படும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அந்தச் செய்தியில் 'பீகார்' இல்லாமல் எழுத முடியாது. அந்தச் சொல்லை எடுத்தால் நடந்தது புரியாமல் போகிறதா என்பதுதான் அளவுகோல்.

## ஒரு பத்தியைச் சேர்ந்து திருத்துவோம்

பயிற்சிக்காக எழுதிய பத்தி இது.

முன்: தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய முயன்ற தூய்மைப் பணியாளர்கள் இருவர் விஷவாயு தாக்கிப் பரிதாபமாகப் பலியாகினர். பாதுகாப்புக் கருவிகள் இன்றித் தொட்டிக்குள் இறங்கியதே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. இது எதிர்பாராத சம்பவம் என்று ஒப்பந்ததாரர் விளக்கினார். உறவினர் கும்பல் ஒன்று சாலை மறியலில் ஈடுபட்டதால் போக்குவரத்து கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 30 லட்சம் ரூபாய் கேட்டு அவர்கள் அடம்பிடித்தனர்.

கண்டுபிடித்தவை:

1. 'சுத்தம் செய்ய முயன்ற': அவர்களாகவே முயன்றார்களா, யாராவது அனுப்பினார்களா?
2. 'இன்றி இறங்கியதே காரணம்': பழி இறந்தவர்கள்மேல் விழுகிறது. கருவி கொடுக்க வேண்டியவர் யார்?
3. 'விபத்து': சட்ட மீறலா என்ற கேள்வியை இந்தச் சொல்லே மூடிவிடுகிறது.
4. 'கூறப்படுகிறது': கூறியவர் யார்?
5. 'விளக்கினார்': ஒப்பந்ததாரருக்குச் சான்றிதழ்.
6. 'கும்பல்', 'அடம்பிடித்தனர்': இறந்தவர்களின் வீட்டார் குற்றவாளிகள் ஆகிவிட்டார்கள்.
7. '30 லட்சம்': ஏன் அந்தத் தொகை? காரணம் சொல்லாததால் பேராசைபோலத் தெரிகிறது.

இவற்றில் நான்கு, சொல்லை மாற்றினால் தீராதவை. யார் அனுப்பியது, கருவி யார் கொடுக்க வேண்டும், கூறியவர் யார், தொகைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். 'கேட்க வேண்டியவை' தாள் இப்படித்தான் நிரம்பும். கேட்டுவந்த பதில்களோடு எழுதினால் பத்தி இப்படி இருக்கும்.

பின்: தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒப்பந்ததாரர் உள்ளே இறக்கிய தொழிலாளர்கள் இருவர் நச்சுவாயுவால் மூச்சுத்திணறி இறந்தனர். சுவாசக் கருவியோ பாதுகாப்புக் கயிறோ தரப்படவில்லை என்று உடன் வேலை செய்த தொழிலாளி கூறினார். தரப்பட்டதாக ஒப்பந்ததாரர் கூறினார். தொட்டியருகே கருவி எதுவும் இல்லை என்று தீயணைப்பு வீரர்கள் தெரிவித்தனர். உரிய பாதுகாப்பின்றி ஆட்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இத்தகைய மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய் இழப்பீட்டைக் கேட்டு உறவினர்கள் சுமார் 40 பேர் சாலையில் அமர்ந்தனர். இரண்டு மணி நேரம் வாகனங்கள் மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டன.

இரண்டாவது பத்தியில் யாரையும் திட்டவில்லை, யாருக்காகவும் கண்ணீர் விடவில்லை. ஒப்பந்ததாரர் சொன்னதும் இருக்கிறது. ஆனால் முதல் பத்தியில் வாசகருக்குக் கிடைக்காத எல்லாமே இதில் கிடைக்கிறது.

## பலரும் செய்யும் தவறுகள்

1. மென்மையான சொல்லே நடுநிலை என்று நினைப்பது. வீடுகளை இடித்ததை 'மறுகுடியமர்வு' என்றும், ஆட்குறைப்பைச் 'சீரமைப்பு' என்றும் எழுதுவதும் சார்புதான். அது அதிகாரம் உள்ளவர் பக்கம் சாய்வது.
2. எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத் தேடி மாற்றுவது. கணினியில் 'ஊனம்' என்பதை மொத்தமாக 'மாற்றுத்திறன்' ஆக்கினால் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும், ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன மேற்கோளும் சேர்ந்தே மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.
3. மேற்கோளைத் திருத்துவது. ஒருவர் இழிசொல் பேசினார் என்பதே செய்தி என்றால் அதை அழகாக்கக் கூடாது. வெளியிட முடியாத சொல் என்றால், பேசியது எத்தகைய சொல் என்று விவரியுங்கள்.
4. ஒற்றை மேற்கோள்குறியால் கிண்டல் செய்வது. 'நிபுணர்', 'ஆய்வு' என்று குறிக்குள் போடுவது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. அவர் நிபுணர் இல்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள்.
5. எதற்கும் இரு பக்கம் வைப்பது. தடுப்பூசி பற்றிய கட்டுரையில் மருத்துவ ஆய்வுகளுக்கும் ஒருவரின் வதந்திக்கும் சம இடம் கொடுப்பது நடுநிலை ஆகாது. இடத்தை ஆதாரத்தின் எடை தீர்மானிக்கட்டும்.
6. உள்ளே திருத்திவிட்டுத் தலைப்பை விட்டுவிடுவது. பலர் தலைப்பை மட்டுமே படிக்கிறார்கள். படத்தின் கீழுள்ள வரியையும் சேர்த்துச் சோதியுங்கள்.

## பாதுகாப்பு: இவற்றில் தவறினால் வழக்கு, அல்லது உயிர்

குற்றச் செய்திகள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்குரிய சொல்லையே பயன்படுத்துங்கள்.

1. புகார் மட்டும் இருந்தால்: 'புகாருக்கு உள்ளானவர்'.
2. முதல் தகவல் அறிக்கை பதிவானால்: 'வழக்குப் பதிவு செய்யப்பட்டவர்'.
3. கைதானால்: 'கைதானவர்'.
4. குற்றப்பத்திரிகை தாக்கலானால்: 'குற்றம் சாட்டப்பட்டவர்'.
5. தீர்ப்பு வந்து தண்டனை பெற்றால் மட்டும்: 'குற்றவாளி'.
6. விடுதலையானால், முந்தைய செய்தி எந்த அளவில் வந்ததோ அதே அளவில் 'விடுதலை செய்யப்பட்டார்' என்று எழுதுங்கள்.

கட்டம் தாண்டி எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு.

பாலியல் குற்றங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவு தடைசெய்கிறது. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் மூன்றையும் எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதுவும் வெளியிட்டதுதான்.

தற்கொலை. முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள். 'தேர்வுத் தோல்வியால்' என்று ஒற்றைக் காரணம் கட்டாதீர்கள். பிழைத்தவரைப் பற்றி 'முயற்சி தோல்வி' என்று எழுதாதீர்கள். பிழைத்தது எப்படித் தோல்வியாகும்? இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் ஏற்ற நெறிமுறைகளும் விவரம், பரபரப்பு இரண்டையும் தவிர்க்கச் சொல்கின்றன. கட்டுரையின் இறுதியில் உதவி எண்களைச் சேருங்கள்: தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலி-மானஸ் 14416.

## பயிற்சி

கீழுள்ள பத்தியை மூன்று பேனாவோடு சோதியுங்கள். இதுவும் பயிற்சிக்காக எழுதியதே.

*ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகள் அதிரடியாக அகற்றப்பட்டன. பல ஆண்டுகளாக அரசு நிலத்தைச் சுருட்டியிருந்த குடிசைவாசிகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் பதற்றம் நிலவியது. பயனாளிகள் நகருக்கு வெளியே உள்ள புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். மாற்று வீடுகளில் அனைத்து வசதிகளும் உள்ளதாக அதிகாரி சுட்டிக்காட்டினார். ஒரு சிலர் மட்டும் பள்ளி தூரமாக இருப்பதாகப் புலம்பினர்.*

சரிபார்க்க:

- சிவப்பு: ஆக்கிரமிப்புகள், குடிசைவாசிகள், பயனாளிகள். ஒரே மனிதர்கள் முதலிரண்டு வாக்கியங்களில் குற்றவாளிகள், மூன்றாவதில் பரிசு பெற்றவர்கள். 'அங்கு வசித்த குடும்பங்கள்' என்று தொடக்கம் முதல் முடிவு வரை எழுதலாம்.
- நீலம்: அகற்றப்பட்டன (எந்தத் துறை? எந்த உத்தரவின்படி?), நிலவியது, மாற்றப்பட்டனர் (விரும்பியா?), சுருட்டியிருந்த, சுட்டிக்காட்டினார், புலம்பினர்.
- பச்சை: அதிரடியாக, பல ஆண்டுகளாக (எத்தனை?), அனைத்து வசதிகளும் (எவை?), ஒரு சிலர் மட்டும் (எத்தனை பேர்?).
- கேட்க வேண்டியவை: எத்தனை வீடுகள்? முன்னறிவிப்பு எப்போது தரப்பட்டது? மின் இணைப்பும் குடும்ப அட்டையும் அந்த முகவரிக்கு இருந்தனவா? அதே கரையில் வேறு கட்டடங்கள் இருக்கின்றனவா, அவை என்ன ஆயின? புதிய வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், பேருந்து உண்டா?

திருத்தி எழுதிய பத்தியை, இடித்த துறையின் அதிகாரியும் வீடிழந்தவரும் பக்கத்தில் இருப்பதாக நினைத்து உரக்கப் படியுங்கள். இருவருக்கும் அது பிடிக்காமல் போகலாம். 'இது நடக்கவில்லை' என்று இருவரில் ஒருவரும் சொல்ல முடியாதபடி இருந்தால் அனுப்பலாம். அதிலும் கேள்விக்குறிகள் மிஞ்சியிருந்தால் அச்சுக்கு அனுப்பாமல், 'கேட்க வேண்டியவை' தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். யாரிடம், எந்த வரிசையில், எப்படிக் கேட்பது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.